ஒரே மாதத்தில் இரு அறிவிப்புகள்: மாதிரி ரயில் உலகைத் தாங்கி நிற்கும் சங்கங்களும் சிறு வணிகர்களும்

பிரிட்டனில் மாதிரி ரயில் ஆர்வலர்கள் 2024-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். லிவர்பூல் நகரில் 1946-ஆம் ஆண்டு நார்மன் ஹாட்டன் என்பவர் தொடங்கிய ‘ஹாட்டன்ஸ்’ என்ற மாதிரி ரயில் விற்பனை நிறுவனம், தனது வணிகத்தை முடித்துக்கொள்வதாக அம்மாதத் தொடக்கத்தில் அறிவித்தது. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள், பர்மிங்ஹாம் நகரின் என்இசி அரங்கில் ஆண்டுதோறும் நவம்பரில் நடைபெற்று வந்த வார்லி தேசிய மாதிரி ரயில் கண்காட்சி இனி நடைபெறாது என்ற செய்தியும் வெளியானது.

ஒன்று கடை, மற்றொன்று கண்காட்சி. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இவை தொடர்பில்லாத இரு செய்திகளாகத் தோன்றலாம். ஆனால், இந்தப் பொழுதுபோக்கு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இரண்டும் ஒரே கட்டடத்தின் இரு தூண்கள். மாதிரி ரயில் உலகில் நட்பு எங்கே முடிகிறது, வணிகம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது கடினம்.

பொம்மையா, மாதிரியா?

மாதிரி ரயில் என்பது குழந்தைகள் சாவி கொடுத்து ஓடவிடும் பொம்மை ரயில் மட்டுமன்று. உண்மையான ஒரு ரயில் நிலையத்தையோ, தடத்தையோ குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, நடைமேடை, சிக்னல், பாலம், மரம், பயணிகள் என அனைத்தையும் கையால் உருவாக்கி, அதில் ரயில்களை மின்சாரத்தில் இயக்குவதே இப்பொழுதுபோக்கின் முழு வடிவம். இவ்வாறு அமைக்கப்படும் தளத்தை ஆர்வலர்கள் ‘லேஅவுட்’ என்கின்றனர். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நமக்கு வீட்டு மனைதான் நினைவுக்கு வரும். ஒருவகையில் அதுவும் பொருத்தமே. இங்கும் அளந்து, கோடு போட்டு, சாலை விட்டுத்தான் ஊரைக் கட்டுகிறார்கள்.

பிரிட்டனில் பெரும்பாலானோர் பயன்படுத்தும் அளவு ‘ஓஓ’ எனப்படுகிறது. இதில் உண்மையான ரயில் ஏறத்தாழ 76-இல் ஒரு பங்காகச் சுருக்கப்படும். அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் ‘எச்ஓ’ எனப்படும் 87-இல் ஒரு பங்கு அளவு பரவலாக உள்ளது. வியப்புக்குரிய செய்தி என்னவெனில், ரயில்களின் அளவு வேறுபட்டாலும் இரண்டிற்கும் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர்தான்.

இதற்குக் காரணம் பழைய பொறியியல் சிக்கல். பிரிட்டன் ரயில் என்ஜின்கள் ஐரோப்பிய என்ஜின்களை விட உருவில் சிறியவை. அவற்றை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், அக்காலத்து மின்மோட்டார்கள் உள்ளே அடங்கவில்லை. எனவே, தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு ரயிலின் உடலை மட்டும் சற்றுப் பெரிதாக்கினர். விளைவாக, உண்மையில் 1,435 மில்லிமீட்டர் அகலம் கொண்ட பாதை, ஓஓ மாதிரியில் 1,257 மில்லிமீட்டர் பாதைக்குச் சமமாகக் குறுகிப்போனது. எதிரில் நின்று பார்த்தால், பருத்த உடலைக் குச்சிக் கால்கள் தாங்குவதுபோல் என்ஜின் தெரியும்.

பெரும்பாலானோர் இதைப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தியவர்கள், தண்டவாளத்தை 18.2 மில்லிமீட்டராகவும், பின்னர் இன்னும் துல்லியமாக 18.83 மில்லிமீட்டராகவும் அகலப்படுத்தித் தனித்தனி சங்கங்களை அமைத்தனர். ஆனால், அந்த அகலத்திற்கு ஏற்ற சக்கரமோ, அச்சாணியோ, தண்டவாளப் பிரிப்பானோ பெரிய நிறுவனங்களிடம் கிடைக்கவில்லை. சில நூறு பேருக்காக எந்தத் தொழிற்சாலையும் அச்சு வெட்டாது. ஆகவே, உறுப்பினர்களில் கடைசல் இயந்திரம் வைத்திருந்தவர் சக்கரம் செய்தார். வார்ப்பு தெரிந்தவர் சிறு உதிரிபாகங்களை வார்த்தார். சங்கமே அவற்றை வாங்கி இருப்பு வைத்து உறுப்பினர்களுக்கு விற்றது. இத்துறையின் சிறுதொழில்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. தனக்குத் தேவைப்பட்டது சந்தையில் இல்லை, தானே செய்துகொள்கிறார், நண்பர் தனக்கும் ஒன்று கேட்கிறார், அடுத்த ஆண்டு கண்காட்சியில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

கண்காட்சியின் மொய்க் கணக்கு

ஒரு சங்கம் நடத்தும் கண்காட்சியின் வரவு செலவைப் பார்த்தால் இவ்வுலகின் இயல்பு விளங்கும். பள்ளிக்கூட அரங்கோ, சமுதாயக் கூடமோ வார இறுதிக்கு வாடகைக்கு எடுக்கப்படுகிறது. பிற ஊர்ச் சங்கங்களின் லேஅவுட்டுகள் விருந்தினராக அழைக்கப்படுகின்றன. அவற்றைக் கொண்டுவருவோருக்குப் பொதுவாகச் சன்மானம் ஏதும் கிடையாது. வேன் வாடகை, எரிபொருள், தங்குமிடம், உணவு ஆகிய செலவுகள் மட்டுமே ஈடுசெய்யப்படும். இரண்டு நாட்கள் நின்றுகொண்டே ரயில்களை இயக்கி, பார்வையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, ஞாயிறு மாலை அனைத்தையும் கழற்றி வேனில் ஏற்றி, நள்ளிரவில் வீடு திரும்புகிறார்கள்.

பிறகு அழைத்த சங்கம் இவர்களது ஊர்க் கண்காட்சிக்குத் தனது லேஅவுட்டைக் கொண்டுசெல்லும். நம் ஊர் மொய்க் கணக்கைப் போல, எழுதப்படாத ஒரு பேரேடு இதில் உண்டு. வந்தவர் வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது.

பணம் வருவது இரு வழிகளில். ஒன்று நுழைவுக் கட்டணம். மற்றொன்று வணிகர்கள் மேசைகளுக்குச் செலுத்தும் வாடகை. இவ்வருவாயே பல சங்கங்களுக்கு ஆண்டு முழுவதற்குமான கூட வாடகை. வணிகருக்கும் இது இன்றியமையாதது. தெருவில் கடை வைக்க இயலாத ஒற்றை மனிதத் தொழில்களுக்குக் கண்காட்சி மேசையே கடை. வாங்குபவர் உதிரிபாகத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பார். பொருத்துவது எப்படி என்று கேட்பார். விற்பவர் அரை மணி நேரம் விளக்கிவிட்டுச் சில பவுண்டுகள் பெறுமான பொட்டலத்தை விற்பார். கணக்குப் பார்த்தால் இது வணிகமே ஆகாது. ஆனால், அடுத்த கண்காட்சியில் அதே வாடிக்கையாளர், தான் கட்டி முடித்த வண்டியை எடுத்துவந்து அவரிடம் காட்டுவார்.

வார்லி சங்கம் நடத்திய கண்காட்சி இவ்வகையில் மிகப் பெரியது. ஆனால், அதை நடத்தியது தொழில்முறை நிகழ்ச்சி நிறுவனம் அன்று. மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியின் ஓர் உள்ளூர்ச் சங்கம். மேசை ஒதுக்கீடு முதல் நுழைவுச்சீட்டு வரை அனைத்தையும் சங்க உறுப்பினர்களே தம் சொந்த நேரத்தில் செய்தனர். உறுப்பினர்களுக்கு வயதாகிக்கொண்டே வந்தது. பொறுப்பை ஏற்கப் போதிய புதியவர்கள் இல்லை. மாபெரும் அரங்கின் செலவும் அதன் அபாயமும் கூடிக்கொண்டே இருந்தன. 2023 நவம்பரில் நடந்ததே கடைசிக் கண்காட்சி ஆயிற்று. கூட்டம் வராமல் நின்றுபோன நிகழ்ச்சி அன்று அது. கூட்டம் வந்தது, நடத்துவோர்தான் குறைந்தனர்.

ஸ்டாம்ஃபோர்டில் நடந்தது

இந்த நட்புறவின் ஆழத்தை வெளியுலகம் அறிந்தது ஒரு துயர நிகழ்வின் மூலம். 2019 மே மாதம், இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்டு நகரில் உள்ள ஒரு பள்ளியில் மார்க்கெட் டீப்பிங் மாதிரி ரயில் சங்கம் தனது கண்காட்சிக்கான ஏற்பாடுகளை முடித்திருந்தது. லேஅவுட்டுகள் அனைத்தும் முந்தைய நாளே அடுக்கப்பட்டிருந்தன. விடிந்தால் கண்காட்சி. இரவோடு இரவாக உள்ளே புகுந்த நான்கு பதின்வயதினர் அவற்றை உடைத்து, மிதித்து, நொறுக்கிவிட்டனர். பல ஆண்டுகளாகப் பலர் சேர்ந்து உருவாக்கியவை சில மணி நேரத்தில் குப்பையாகின.

அரங்கை ஒழுங்குபடுத்தவும் அடிப்படைச் செலவுகளைச் சமாளிக்கவும் சங்கம் இணையத்தில் நிதி திரட்டியது. இலக்கு 500 பவுண்டுகள். வந்து சேர்ந்ததோ ஒரு லட்சம் பவுண்டுகளுக்கும் மேல். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் சிறு தொகைகளை அனுப்பினர். புகழ்பெற்ற பாடகர் ராட் ஸ்டூவர்ட் 10,000 பவுண்டுகள் வழங்கினார்.

அவர் ஏன் வழங்கினார் என்பது சில மாதங்களுக்குப் பிறகு பலருக்குப் புரிந்தது. லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள தமது இல்லத்தின் மேல்தளத்தில், 1940-களின் அமெரிக்கத் தொழில் நகரம் ஒன்றை அவர் 20 ஆண்டுகளுக்கும் மேலாக மாதிரியாகக் கட்டிவந்ததை அதே ஆண்டு நவம்பரில் ‘ரயில்வே மாடலர்’ இதழ் வெளியிட்டது. இசைப் பயணங்களின்போது ஹோட்டலில் தமக்கென ஓர் அறையும் மாதிரிக் கட்டடங்கள் செய்ய மற்றோர் அறையும் எடுப்பாராம். நொறுங்கிய மாதிரிகளின் படத்தைப் பார்த்தபோது அவருக்கு அதில் எத்தனை ஆண்டு உழைப்பு கிடக்கிறது என்பது தெரிந்திருக்கும். வேறு விளக்கம் தேவையில்லை.

அச்சும் பித்தளையும்

இனி வணிகத்தின் பக்கம். பிரிட்டனில் மாதிரி ரயில் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் ‘ஹார்ன்பி’. மெக்கானோ விளையாட்டுப் பொருளை உருவாக்கிய ஃபிராங்க் ஹார்ன்பி 1920-ஆம் ஆண்டு ரயில்களைத் தயாரிக்கத் தொடங்கினார். பின்னாளில் மார்கேட் நகரத் தொழிற்சாலையில் நடந்த உற்பத்தி, 1990-களில் சீனாவுக்கு மாறியது. இன்று உலகின் பெரும்பாலான ஆயத்த மாதிரி ரயில்கள் சீனத் தொழிற்சாலைகளில் உருவாகின்றன.

ஒரு புதிய என்ஜின் மாதிரிக்கு முதலில் பெருஞ்செலவு ஆவது உலோக அச்சுக்குத்தான். அச்சு தயாரான பிறகு ஒரு தொகுதியாக ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்தால்தான் கட்டுப்படியாகும். தொழிற்சாலைக்கு வேறு வேலை வந்தால் வரிசை தள்ளிப்போகும். அறிவிப்புக்கும் கடைக்கு வருவதற்கும் இடையே சில ஆண்டுகள்கூட ஆகலாம். பெரிய நிறுவனங்களே அஞ்சும் துறை இது. ஜெர்மனியின் புகழ்பெற்ற மேர்க்லின் நிறுவனம் தனது 150-ஆவது ஆண்டான 2009-இல் திவால் நிலைக்குச் சென்று, பின்னர் மீண்டு, 2013-இல் வேறொரு பொம்மை நிறுவனத்தின் கைக்குப் போனது.

அச்சு வெட்ட இயலாத சிறு தொழிலர் வேறு வழிகளை நாடுகின்றனர். பித்தளைத் தகட்டை அமிலத்தால் அரித்து, மடித்துச் சால்டரிங் செய்யும்படி பாகங்களாகத் தருவது ஒரு வழி. ஈயக் கலவையிலும் பிசினிலும் வார்ப்பது மற்றொரு வழி. இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டதால், ஐந்து பேர் மட்டுமே கேட்கும் பொருளைக்கூடச் செய்து தர முடிகிறது. புத்தம் புதிய வண்டிக்குக் கரியும் துருவும் தூசியும் பூசித் தருவதையே தொழிலாகக் கொண்டவர்களும் உள்ளனர். காசு கொடுத்து அழுக்காக்கிக்கொள்ளும் வாடிக்கையாளர்கள் வேறு எந்தத் தொழிலுக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

இச்சிறு நிறுவனங்களின் பலவீனம், பெரும்பாலும் ஒருவரையே நம்பியிருப்பது. அவர் நோய்வாய்ப்பட்டால், ஓய்வு பெற்றால், உற்பத்தி நின்றுவிடும். அப்போது மூலப் படிவங்களையும் வார்ப்பு அச்சுகளையும் மற்றோர் ஆர்வலர் வாங்கிக்கொள்வது வழக்கம். பழைய வாடிக்கையாளர் ஒருவரே புதிய உரிமையாளராவதும் உண்டு. சில தயாரிப்புகள் இவ்வாறு பல கைகள் மாறி, முதலில் செய்தவர் மறைந்த பின்னும் விற்பனையில் உள்ளன. தண்டவாளத் தயாரிப்பில் பெயர்பெற்ற ‘பீகோ’ நிறுவனம் இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு. சிட்னி பிரிட்சார்டு என்பவர் 1946-இல் தொடங்கிய அந்நிறுவனம், டெவன் மாவட்டத்தின் பீர் என்ற கடலோரக் கிராமத்தில் வேரூன்றி, இன்றும் அங்கிருந்தே உலகிற்குத் தண்டவாளம் அனுப்புகிறது.

முன்பணம் என்னும் நம்பிக்கை

ஹாட்டன்ஸ் போன்ற கடைகளின் பங்கு விற்பனையோடு நிற்கவில்லை. பெரிய நிறுவனங்கள் தொடத் தயங்கிய மாதிரிகளைத் தாமே முதலீடு செய்து தயாரிக்கச் செய்தன. பழைய தொகுப்புகளை விலைக்கு வாங்கி மறுவிற்பனை செய்தன. அண்மை ஆண்டுகளில் நஷ்டம் ஏற்பட்டதையும், தொடர்ந்து நடத்துவதில் உள்ள அபாயத்தையும் சுட்டிக்காட்டி ஹாட்டன்ஸ் விலகியது. தயாரிப்பாளர்களே இணையம் வழியாக நேரடியாக விற்கத் தொடங்கியதும் இடைநிலைக் கடைகளின் இடத்தைச் சுருக்கிவிட்டது.

அந்த நேரடி விற்பனையாளர்கள் யார் என்று பார்த்தால், அவர்களும் ஆர்வலர்களாக இருந்து வணிகரானவர்களே. அயர்லாந்து ஆர்வலர்கள் சிலர், தம் நாட்டு ரயில்களுக்கு மாதிரிகளே இல்லை என்ற குறையில் சரக்கு வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கினர். அதன் தொடர்ச்சியாக எழுந்த ‘அக்யூராஸ்கேல்’ இன்று பிரிட்டன் சந்தையில் முன்னணிப் பெயர்களில் ஒன்று. ஹாட்டன்ஸ் உருவாக்கிய ‘கிளாஸ் 66’ டீசல் என்ஜினின் அச்சுகளை வாங்கியதும் இந்நிறுவனம்தான்.

முன்பணத்தில் தொழில் நடத்தும் முறையும் உண்டு. ‘ரெவல்யூஷன் டிரெயின்ஸ்’ என்ற சிறு நிறுவனம், வளைவில் சாய்ந்து செல்லும் பெண்டோலினோ விரைவு ரயிலின் மிகச் சிறிய மாதிரியை ஆர்வலர்களின் கூட்டு நிதியில் தயாரித்து வழங்கியது. அந்த வெற்றியைக் கண்டு பலரும் அதே பாதையில் இறங்கினர். எல்லோரும் கரை சேரவில்லை. பணம் பெற்ற நிறுவனம் மூடப்பட்டு, ரயிலும் வராமல் பணமும் வராமல் வாடிக்கையாளர்கள் நின்ற நிகழ்வும் நடந்துள்ளது. நண்பரை நம்பிக் கொடுத்ததாக எண்ணியவர்கள், சட்டத்தின் பார்வையில் கடனாளர் வரிசையின் கடைசியில் தாம் நிற்பதை அப்போதுதான் உணர்ந்தனர். இந்த இடத்தில் நட்பு வணிகத்திற்குத் துணை நிற்பதைவிட அதன் கண்ணை மறைத்துவிடுகிறது என்றே சொல்லவேண்டும்.

தரநிலை தந்த ஒற்றுமை

ஒருவர் செய்த வண்டி மற்றொருவர் தண்டவாளத்தில் ஓடினால்தான் கூடி விளையாட முடியும். அமெரிக்க ஆர்வலர்கள் இதை முன்னரே உணர்ந்தனர். 1935-ஆம் ஆண்டு மில்வாக்கி நகரில் தொடங்கப்பட்ட தேசிய மாதிரி ரயில் சங்கம், சக்கரம், தண்டவாளம் ஆகியவற்றுக்கான பொது அளவுகளை வகுத்தது. ஒரே தடத்தில் பல என்ஜின்களைத் தனித்தனியாக இயக்க உதவும் எண்ணிலக்கக் கட்டுப்பாட்டு முறையை, ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத் தொழில்நுட்பத்தின் அடிப்படையில் 1990-களில் தரநிலையாக்கியதும் அச்சங்கமே. தரநிலை பொதுவானதால், டீகோடர் என்ற சிறு மின்னணுப் பலகையை எந்தச் சிறு நிறுவனமும் தயாரித்து விற்க முடிந்தது.

அமெரிக்காவில் பல வீடுகளின் நிலவறை லேஅவுட்டுகளில் மாலை நேரங்களில் நண்பர்கள் கூடி, உண்மையான ரயில்வே போலவே கால அட்டவணையும் சரக்குச் சீட்டுகளும் வைத்து ‘பணி’ செய்கின்றனர். ஒருவர் கட்டுப்பாட்டு அலுவலர், ஒருவர் ஓட்டுநர், ஒருவர் சரக்கு முனைய மேலாளர். எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1946-இல் தொடங்கிய மாணவர் மாதிரி ரயில் சங்கத்தில், மேசைக்கு அடியில் ரிலே கம்பிகளோடு மல்லுக்கட்டிய இளைஞர்கள் சிலர் பின்னர் கணினியின் பக்கம் திரும்பினர். இன்று உலகெங்கும் புழங்கும் ‘ஹேக்கர்’ என்ற சொல்லின் கணினி வழக்கு அங்கிருந்து பரவியதே.

இந்தியாவின் அகலப் பாதைச் சிக்கல்

இந்திய ஆர்வலர்களுக்கு முதல் தடை தண்டவாளத்திலேயே தொடங்குகிறது. நமது அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். எச்ஓ அளவில் அதைச் சுருக்கினால் 19.3 மில்லிமீட்டர் வரவேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர். எனவே, ரயிலைச் சரியான அளவில் செய்தால் பாதை குறுகிவிடும். பாதைக்கு ஏற்ப ரயிலைச் சுருக்கினால், அது ஏறத்தாழ 102-இல் ஒரு பங்காகி, மற்ற மாதிரிகளோடு பொருந்தாமல் போகும். பெரும்பாலோர் முதல் வழியை ஏற்று, பாதையின் குறையைக் கண்டும் காணாமல் இருந்துவிடுகின்றனர். நூறு ஆண்டுகளாகப் பிரிட்டன் செய்துவரும் அதே சமரசம்தான்.

அடுத்தது விலை. சுங்கப் பட்டியலில் பொம்மைகளும் அளவு சுருக்கப்பட்ட மாதிரிகளும் 9503 என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைப் பாதுகாக்கும் நோக்கில், பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைக் குறிவைத்த அந்த வரி, நடுத்தர வயது அதிகாரி ஒருவர் தமது சேமிப்பில் தருவிக்கும் துல்லியமான என்ஜினின் மீதும் விழுகிறது. உள்நாட்டில் செய்பவருக்கு இது வாய்ப்புத்தான். ஆனால், மோட்டாரும் டீகோடரும் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருப்பதால் அந்த வாய்ப்பும் முழுமையாகக் கைக்கு எட்டுவதில்லை.

இந்நிலையிலும் நிலைத்து நிற்கும் ஓர் இந்திய முயற்சி புனே நகரில் உள்ளது. கோத்ருட் பகுதியில் பி.எஸ். ஜோஷி என்ற ஆர்வலர் தமது வாழ்நாள் சேகரிப்பையும் உழைப்பையும் திரட்டி உருவாக்கிய சிற்றளவு ரயில்வே அருங்காட்சியகம், 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நீராவி ரயில், மலை ரயில், அதிவேக ரயில் என ஒரு நகரமே அங்கே இயங்குகிறது. சிக்னல்களும் தெருவிளக்குகளும் ஒரே கட்டுப்பாட்டு மேசையிலிருந்து இயக்கப்படுகின்றன. அரசு நிறுவனம் எதுவும் கட்டியதன்று. ஒரு குடும்பத்தின் பொறுப்பில் நடப்பது. கோடை விடுமுறையில் பள்ளிக் குழந்தைகளோடு வரும் பெற்றோரில் சிலர், காட்சி முடிந்து விளக்குகள் ஏற்றப்பட்ட பின்னும் கட்டுப்பாட்டு மேசையின் அருகே நின்று, ஒரு தண்டவாளத் துண்டு என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகின்றனர்.